கழிக்கப்பட்ட தூசி

1929ஆம் ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஸ்விட்சர்லாந்தின் அரோசா என்ற மலையூரில் ஓசோனை அளந்துகொண்டிருந்த பால் கோட்ஸ், தன் கருவியை வட துருவத்தை ஒட்டிய ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்குக் கொண்டுபோய் உச்சி வானத்தை நோக்கித் திருப்பிவைத்தார். ஸ்வீடனில் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம், காற்றிலுள்ள தூசி சூரிய ஒளியை எவ்வளவு குறைக்கிறது என்பதற்கு ஒரு சின்னச் சூத்திரம் எழுதி வெளியிட்டார். பாலக்காடு கல்பாத்தியில் பிறந்து வானிலைத் துறையில் வேலை பார்த்துவந்த கே. ஆர். ராமநாதன், நேச்சர் இதழில் ஒரு குறிப்பு எழுதினார். சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு மேலிருக்கும் காற்று துருவத்துக்கு மேலிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்தது என்பது அதன் சாரம்.

கோடையில் வெந்துபோகிற பாலக்காட்டுக்காரர் ஒருவர், தலைக்கு நேர் மேலே துருவத்தைவிடக் கடும் குளிர் இருப்பதைச் சொல்லவேண்டியிருந்ததில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. பாலக்காட்டு அக்கிரகாரங்கள் அந்தக் காலத்தில் ஊர் ஊராக அனுப்பிவைத்தது பெரும்பாலும் சுருக்கெழுத்துக்காரர்களையும் கணக்கர்களையும் சமையல் விற்பன்னர்களையும்தான். அதே ரயிலில் ஏறிப்போனவர்தான் ராமநாதனும். பாலக்காடு விக்டோரியா கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி, திருவனந்தபுரம், கல்கத்தா, ரங்கூன் என்று சுற்றி 1925இல் இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு வந்து சேர்ந்தார்.

கல்கத்தாவில் அவர் இருந்தது சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில். கடல் ஏன் நீலம் என்ற கேள்வி ராமனைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த நேரம். வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிப்பதுதான் கடலின் நீலம் என்ற பழைய விளக்கத்தில் ராமனுக்குத் திருப்தி இல்லை. தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார். அந்தச் சிதறலை அளக்கும் வேலை ராமநாதனிடம் வந்தது. 1923இல் அவர் செய்த சோதனை எளிமையானது. வெயிலை ஊதா வடிகட்டி வழியாகத் தண்ணீருக்குள் செலுத்துவது. பக்கவாட்டில் சிதறி வருவதை, அந்த ஊதாவைத் தடுக்கும் பச்சை வடிகட்டி வழியாகப் பார்ப்பது. ஒன்றும் தெரியக் கூடாது. மிக மங்கலாக ஏதோ தெரிந்தது. தண்ணீரில் அழுக்கு இருக்கும் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்தார். மங்கல் ஒளி போகவில்லை. பலவீனமான ஒளிர்வு என்று பெயர் வைத்து எழுதிவிட்டு நகர்ந்தார்கள். 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு என்று உலகம் அறிந்துகொண்டது அந்த மங்கலின் முழு உருவத்தைத்தான். ஆண்டுதோறும் நாம் தேசிய அறிவியல் நாள் கொண்டாடும் அந்தத் தேதி, ராமநாதனின் பிறந்த தேதியும்கூட: 1893 பிப்ரவரி 28. தற்செயல்தான். இருந்தாலும் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

அழுக்கு என்று நினைத்துக் கழிக்கப் பார்த்தது அழுக்காக இல்லாமல் போன கதை அது. பின்னால் ராமநாதனுக்கு வாய்த்தது இதற்கு நேர்மாறான வேலை. அங்கே அழுக்கு நிஜமாகவே இருந்தது. அதைக் கழித்தாக வேண்டியிருந்தது.

ஓசோனை அளக்கும் டாப்சன் கருவி, சூரிய ஒளியின் புற ஊதாப் பகுதியில் இரண்டு அலைநீளங்களை எடுத்துக்கொண்டு ஒப்பிடுகிறது. ஓசோன் ஒன்றை அதிகம் விழுங்கும், மற்றதைக் குறைவாக. இரண்டுக்குமான வேறுபாட்டிலிருந்து மேலே எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று கணக்கிடலாம். ஐரோப்பாவின் மழை கழுவிய வானத்துக்கு இது சரி. இந்தியாவில் சித்திரை வைகாசியில் வானம் வெளுத்துக் கிடக்கும். தூசியும் ஒளியைச் சிதறடிக்கிறது. இரண்டு அலைநீளங்களையும் ஒரே அளவில் சிதறடிப்பதும் இல்லை. ஆகவே கருவி தூசியையும் ஓசோன் என்று எண்ணிவிடும். 1949இல் ராமநாதனும் ஆர். வி. கரந்திகரும் எழுதிய கட்டுரை, தூசியும் மங்கலும் டாப்சன் அளவீட்டை எப்படிக் கெடுக்கின்றன என்பதைப் பற்றியது. ஒரு இணை அலைநீளங்களுக்குப் பதிலாக இரண்டு இணைகளில் அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் தூசியின் பங்கு பெரும்பாலும் விழுந்துவிடும். பின்னால் உலகமெங்கும் ஓசோன் நிலையங்களின் வழக்கம் அதுவாகவே ஆகிப்போனது.

ஸ்பிட்ஸ்பெர்கனில் கோட்ஸ் கண்டதற்கும் ராமநாதன் வழியாகவே ஒரு நல்ல கணக்கு முறை கிடைத்தது. கோட்ஸ் பார்த்தது நேர் வெயிலை அல்ல. காற்று மூலக்கூறுகளில் பட்டுச் சிதறி, தலைக்கு மேலிருந்து செங்குத்தாக இறங்கும் ஒளியை. சூரியன் சாயச் சாய, ஓசோன் அதிகம் விழுங்கும் அலைநீளம் மற்றதைவிட வேகமாக மங்கிக்கொண்டே வரும். ஒளி கடக்கும் பாதை நீள்கிறதே, எதிர்பார்த்ததுதான். ஆனால் சூரியன் அடிவானத்தை நெருங்கும் தறுவாயில் அந்தப் போக்கு திரும்பிக்கொண்டது. மங்கியது, ஒப்பீட்டில் கூடத் தொடங்கியது. காரணம் இதுதான்: அந்த நேரத்தில் அந்த ஒளி சிதறும் இடமே ஓசோன் படலத்துக்கு மேலே ஏறிவிடுகிறது. அங்கே சிதறிய ஒளி, படலத்தைச் சாய்வாக நீண்ட தூரம் கடக்காமல் நேர் கீழாக ஒருமுறை மட்டும் கடந்து வந்துவிடுகிறது. சூரியன் அடிவானத்தை ஒட்டி மணிக்கணக்கில் உருண்டுகொண்டிருக்கும் துருவப் பகுதியில் இது கண்ணில் பட்டதில் வியப்பில்லை. உம்கேர் விளைவு என்று பெயர் பெற்ற இந்தத் திருப்பத்தை வைத்து, ஓசோன் எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று தரையில் நின்றபடியே சொல்லிவிடலாம். 50 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாக நினைத்திருந்த ஓசோன் 22 கிலோமீட்டர் அருகில்தான் திரண்டிருக்கிறது என்று தெரிந்தது இப்படித்தான். அந்தக் கணக்கைப் போடுவதற்கு ராமநாதனும் ஜே. வி. தவேயும் வகுத்த முறை, 1957இல் சர்வதேச புவி இயற்பியல் ஆண்டின் வெளியீட்டில் வந்தது. அப்போது அவர் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர்.

பாலக்காட்டுக்காரர் இவர் ஒருவர் மட்டுமல்ல. கொல்லங்கோட்டில் பிறந்த பி. ஆர். பிஷாரடியும் ராமனிடம் பயின்றவர்தான். புணேயில் 1962இல் தொடங்கிய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இந்தக் கட்டுரைக்கு வேண்டியவர் இன்னொருவர். அவர் இடுக்கி மலையிலிருந்து வந்தவர்.

பீருமேட்டில் 1918 ஆகஸ்ட் 23 அன்று பிறந்தவர் அன்னா மோடயில் மணி. அப்பா பொறியாளர், ஏலத்தோட்டம் வைத்திருந்தவர். எட்டாவது பிறந்த நாளுக்கு வைரத் தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டுப் பெற்றவர் என்பது எல்லோரும் சொல்லும் கதை. விதி அவரை விடவில்லை. ராமனின் பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கிடைத்த வேலை வைரங்களை ஆராய்வதுதான். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்கள். ஒவ்வொன்றின் நிறமாலையையும் புகைப்படத் தகட்டில் பதிய பதினைந்து, இருபது மணி நேரம் ஒளி விழவேண்டும். இரவுகளை ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார். 1942க்கும் 1945க்கும் இடையில் தனி ஆளாக ஐந்து கட்டுரைகள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது, முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்தது. அவர் அதைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை என்று எழுதுகிறார்கள். எனக்கு அதை நம்புவதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஆனால் அது என் பிரச்சினை.

இயற்பியல் படிக்க லண்டன் போனவருக்கு அங்கே கிடைத்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. 1948இல் திரும்பி வந்து புணேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானிகூட வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்த நாடு. ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வரைபடம் போட்டுத் தரப்படுத்தி, உள்நாட்டிலேயே செய்யவைத்தார். சர்வதேச புவி இயற்பியல் ஆண்டை ஒட்டி நாடு முழுவதும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். அந்த நிலையங்களின் அளவுகளிலிருந்துதான் அவர் தூசிக்கு வந்து சேர்ந்தார்.

1969இல் ஓ. சாக்கோ, எஸ். ஹரிஹரன் ஆகியோருடன் டெல்லஸ் இதழில் அவர் எழுதிய கட்டுரை, ஆங்ஸ்ட்ராமின் பழைய சூத்திரத்தை இந்திய வானத்துக்குப் பொருத்திப் பார்த்தது. அந்த முறையே ஒரு கழித்தல் கணக்கு. நேர் வெயிலை வண்ணக் கண்ணாடி வடிகட்டிகள் வழியாக அளக்க வேண்டும். காற்றே இல்லாவிட்டால் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்கிட வேண்டும். காற்று மூலக்கூறுகள் சிதறடித்ததைக் கழி. ஓசோன் விழுங்கியதைக் கழி. நீராவி எடுத்துக்கொண்டதைக் கழி. எல்லாம் போக இன்னும் கணக்கில் இடிக்கும் குறைவு எதுவோ அது தூசியின் வேலை. குறைவு எவ்வளவு என்பது ஓர் எண். நீல ஒளியில் அதிகமா, சிவப்பிலும் அதே அளவா என்பது இன்னோர் எண். நீலத்தில் மிக அதிகமானால் துகள் பொடி, புகை வகை. எல்லா நிறத்திலும் ஏறக்குறைய ஒன்றானால் துகள் பெரிது, மண் தூசி வகை. ராமநாதனுக்குத் தொல்லையாக இருந்து கழிக்கப்பட்டது, மணியின் கையில் அளக்க வேண்டிய பொருளாக எழுந்து நின்றது.

இந்த இருவரையும் ஒரு பதக்கமும் சேர்த்து வைத்திருக்கிறது. 1987இல் இந்திய தேசிய அறிவியல் அகாதமி அன்னா மணிக்குக் கொடுத்த அதன் பெயர் கே. ஆர். ராமநாதன் பதக்கம்.

இனி துருவம், தூசி மிகக் குறைந்த இடம். முதலில் அங்கே அதை அளக்கும் கருவி.

ஓட்டு வீட்டின் கண்ணாடி ஓடு வழியே இறங்கும் வெயில் தூணில் தூசி மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெஃபலோமீட்டர் என்ற கருவி செய்வது ஏறத்தாழ அதைத்தான். கறுப்பு பூசிய ஒரு குழாய். அதற்குள் வெளிக்காற்று நிதானமாக உறிஞ்சப்படுகிறது. பக்கவாட்டில் ஒரு விளக்கு, அதன் முன் பால்வெள்ளைக் கண்ணாடி. குழாயின் ஒரு முனையில் உட்கார்ந்திருக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய் விளக்கைப் பார்ப்பதில்லை. எதிரே இருப்பது இருட்டான பொறி. துகளில் பட்டுத் திரும்பிய ஒளி மட்டுமே அதன் கண்ணுக்கு வந்து சேரும். நீலம், பச்சை, சிவப்பு மூன்றிலும் தனித்தனியாக எண்ணும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்பதை அளப்பதற்காக பியூட்டலும் ஆலன் ப்ரூவரும் உருவாக்கியது இது. அதே ப்ரூவர் பின்னால் ஓசோனை அளக்கும் பலூன் கருவி ஒன்றையும் வடிவமைத்தார். 1960களில் அன்னா மணியின் குழு இந்தியாவில் செய்த ஓசோன்சோன்ட் அந்த வகையைச் சேர்ந்தது. அண்டார்க்டிகாவில் இந்தியாவின் மைத்ரி நிலையத்திலிருந்து பலூனில் பறந்ததும் அந்தக் குடும்பத்துக் கருவிதான்.

நெஃபலோமீட்டரிலும் கழித்தல் உண்டு. தூசியே இல்லாத காற்றும் ஒளியைச் சிதறடிக்கும். கடல் மட்டத்தில், பச்சை ஒளியில், பத்து லட்சம் மீட்டருக்குச் சுமார் 12 என்பது காற்றின் சொந்தக் கணக்கு. கருவி அவ்வப்போது வடிகட்டிய காற்றைக் குடித்து, அந்த அளவைப் பார்த்துக்கொண்டு, அதைக் கழித்துவிட்டுத் துகள்களின் பங்கை மட்டும் சொல்லும். ஒரு சாதாரண இந்திய நகரத்தில் துகள்களின் பங்கு நூறைத் தாண்டும், சில நாள் பல நூறு. அங்கே 12ஐக் கழிப்பது சில்லறை. தென் துருவத்தில் துகள்களின் பங்கு பெரும்பாலும் ஒன்றுக்கும் கீழே. அதாவது துகள்களின் சிதறல், காற்றின் சொந்தச் சிதறலில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. கருவியின் சொந்த இரைச்சலே அந்த அளவுக்கு இருக்கும். ஒரு நிமிட அளவை நம்ப முடியாது. மணிக்கணக்கில் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும். காற்றை லேசாகச் சூடாக்கி ஈரப்பதத்தை 40 விழுக்காட்டுக்குக் கீழே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்புத் துகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொண்டு பெரிதாகக் காட்டும். பெரிய துகள்கள் ஒளியை முன்னோக்கியே தள்ளிவிடுவதால் அந்த ஒளி கண்ணில் படாமல் தப்பிக்கும். அதற்கும் ஒரு திருத்தம் போட வேண்டும். இத்தனைக்கும் மேலே, நிலையத்தின் ஜெனரேட்டர் புகை வரும் திசையிலிருந்து காற்று வீசினால் அந்த நேரத்து அளவுகளைத் தூக்கி எறிய வேண்டும். உலகத்திலேயே சுத்தமான காற்றை அளக்கப் போன மனிதனின் அடுப்புப் புகைதான் அங்கே முதல் எதிரி.

திருவனந்தபுரத்திலுள்ள விண்வெளி இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் 2007–08 சர்வதேசத் துருவ ஆண்டில் மைத்ரியிலும், பின்னால் பாரதி நிலையம் எழுந்த லார்ஸ்மன் குன்றுகளிலும் சூரிய ஒளிமானிகளோடு நின்றார்கள். கே. கிருஷ்ணமூர்த்தி, எஸ். சுரேஷ் பாபு முதலானோர். தலைக்கு மேலுள்ள முழுக் காற்றுத் தம்பத்திலும் துகள்கள் நேர் வெயிலிலிருந்து எடுத்துக்கொண்டது நூற்றுக்கு மூன்று பங்குதான். இந்தியச் சமவெளிகளில் மூன்றில் ஒரு பங்கு போவது சாதாரணம். 2008இல் திறக்கப்பட்ட இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் வழியாக அதே ஆய்வுக்கூடம் வட துருவப் பகுதியிலும் அளக்கிறது. ஹிமாத்ரி இருக்கும் நீ-ஓலேசுண்ட், கோட்ஸ் தன் கருவியை நிறுத்திய அதே ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில்.

வட துருவம் வேறு பாடம் சொன்னது. 1950களில் அங்கே பறந்த அமெரிக்க வானிலை விமானிகள், வசந்த காலத்தில் பனிவெளிக்கு மேல் செம்பழுப்புப் படலம் ஒன்று தொங்குவதைப் பார்த்தார்கள். பனிப்படிகம், பனிப்புழுதி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். 1972இல் அலாஸ்காவின் பாரோவில் க்ளென் ஷா சூரிய ஒளிமானியைத் தூக்கிப் பிடித்தபோது, எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு மங்கலாக இருந்தது காற்று. ஆலை ஏதுமில்லாத இடம். ஐரோப்பாவிலும் சோவியத் நாட்டிலும் உருக்காலைகளும் நிலக்கரி உலைகளும் விட்ட புகை, குளிர்காலத்தில் கழுவ மழை இல்லாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே போய்த் தங்கியிருந்தது. மனிதன் இல்லாத இடம் என்பதால் அது சுத்தமான இடம் என்று யாரும் அளக்காமலே நம்பியிருந்தார்கள்.

இதை ஏன் பாலக்காடு, இடுக்கி எல்லையை வைத்துக்கொண்டு சொல்கிறேன் என்றால், நம் மலைகளைப் பற்றியும் நாம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

பாலக்காடும் இடுக்கியும் அடுத்தடுத்த மாவட்டங்கள் அல்ல. நடுவே ஆனைமலை கிடக்கிறது. இரண்டுக்கும் பொதுவானது தமிழ்நாட்டு எல்லை. ஒன்றில் வாளையாறு, மற்றதில் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. வாளையாற்றில் மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழி விடுகிறது. ஆடியில் அந்த வழியாக மேல்காற்று கொங்கு நாட்டுக்குள் பாய்கிறது. மார்கழி, தையில் திசை மாறி, கொங்கின் வறண்ட காற்று புழுதியோடு பாலக்காட்டுக்குள் இறங்குகிறது. லாரிகள் சோதனைச் சாவடியில் மணிக்கணக்கில் நின்ற காலத்திலும் தூசி நின்றதில்லை. கஞ்சிக்கோட்டிலும் ராமக்கல்மேட்டிலும் நிற்கிற காற்றாலைகளுக்குப் பின்னாலும் அன்னா மணி இருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு நாடெங்கும் காற்றின் வேகத்தைத் தொகுத்து 1983இல் அவர் வெளியிட்ட நூல்தான் இந்தியக் காற்றாலைத் தொழிலுக்கு முதல் தரவுப் புத்தகம்.

ராமக்கல்மேட்டின் விளிம்பில் தை மாதக் காலையில் நின்று பாருங்கள். கீழே கம்பம் பள்ளத்தாக்கு. எதிரே மேகமலை. பள்ளத்தாக்கின் மேல் ஒரு மங்கல் படலம். அதன் மேல் விளிம்பு நூல் பிடித்தாற்போல நேராக ஓடும். அந்த விளிம்புக்கு மேலே மேகமலையின் முகடு கூர்மையாகத் தெரியும், மடிப்பு மடிப்பாக. விளிம்புக்குக் கீழே அதே மலையின் அடிவாரம் இல்லை. இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழே படிந்து, அடுப்புப் புகை, சோகை கொளுத்திய புகை, சாலைப் புழுதி எல்லாவற்றையும் தன்னோடு வைத்துக்கொள்கிறது. ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறியதும் விளிம்பு கலங்கத் தொடங்கும். மதியத்துக்குள் அந்தக் காற்று சரிவில் ஏறி மேலே வந்துவிடும். காலையில் எட்டிப் பார்த்த மங்கலுக்குள் மதியம் நாமே நிற்போம். நடுவில் இருக்கும்போது அது தெரிவதில்லை. தேவாரத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வந்து இறங்கிய ஒருவரிடம் எதிர்மலையைக் காட்டிக் கேட்டேன். “கீழ பூராம் மூட்டம்ணே. ஒரு மழ பேஞ்சாத்தேன் தெளியும்” என்றார். துகள்கள் காற்றிலிருந்து வெளியேறும் முக்கியமான வழி எது என்ற கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கும் பதிலும் அதுதான்.

மேலேயும் புகை இல்லாமல் இல்லை. ஏலக்காய் எடுக்கும் பருவத்தில் ஸ்டோர்களில் விறகு எரிந்துகொண்டே இருக்கும். காய் பச்சை மாறாமல் உலர, சூடு ஒரே சீராக இரவெல்லாம் இருக்க வேண்டும். வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் அந்த மணத்தோடு புகையும் சேர்ந்தே இறங்கும். காட்டுக்கும் சொந்தப் படலம் உண்டு. மரங்கள் வெளியிடும் எண்ணெய் ஆவிகள் வெயில் பட்டு மாறி மிக நுண்ணிய துகள்களாகின்றன. அவை நீலத்தை அதிகம் சிதறடிக்கும். தூரத்து மலை நீலமாகத் தெரிவதில் காற்றின் பங்கோடு இதன் பங்கும் உண்டு என்று 1960இல் ஃப்ரிட்ஸ் வென்ட் எழுதினார். ஆக, நம் மலையின் மங்கலில் எவ்வளவு மரத்துடையது, எவ்வளவு விறகுடையது, எவ்வளவு சமவெளியிலிருந்து ஏறியது? கண் பிரித்துச் சொல்லாது. மூன்று நிறத்தில் அளக்கும் குழாய் ஓரளவு சொல்லும்.

மூணாறில் முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2014 தென்மேற்குப் பருவத்தில் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் மூணாறு அரசுக் கல்லூரியில் ஒரு கருவியை வைத்து, புற ஊதா ஒளி பட்டதும் மிளிரும் துகள்களைத் தனியாக எண்ணினார்கள். மிளிர்பவை உயிருள்ளவற்றிலிருந்து வந்தவை: பூஞ்சை வித்து, மகரந்தம், பாக்டீரியா. பெரிய துகள்களில் எண்ணிக்கைப்படி சுமார் 2 விழுக்காடு இப்படிப்பட்டவை. மூன்று மைக்ரான் அளவில் குவிந்திருந்ததால் பெரும்பாலும் பூஞ்சை வித்தாக இருக்கலாம் என்றார்கள். திருவனந்தபுரத்திலுள்ள தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம் மேகங்களைப் பார்ப்பதற்கென்றே மூணாறில் ஒரு உயர்மலை நிலையம் வைத்திருக்கிறது. துகள் இல்லாமல் மேகத் துளி பிறக்காது; எவ்வளவு துகள், என்ன துகள் என்பதைப் பொறுத்து மழை தூறலாகவோ கொட்டலாகவோ இறங்கும் என்பது இந்தத் துறையின் மையக் கேள்விகளில் ஒன்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்களோடு தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த எழுபது பேர் மண்ணுக்குள் போன மலை அது. அங்கே மழையைப் பற்றிய எந்தக் கேள்வியும் ஏட்டுக் கேள்வி அல்ல.

ஆனாலும் ஒரு பருவம், இரண்டு பருவம் அளப்பது ஒன்று. விடாமல் அளப்பது வேறு. அலாஸ்காவின் பாரோவிலும் தென் துருவத்திலும் 1970களில் தொடங்கிய நெஃபலோமீட்டர் அளவுகள் இன்றும் தொடர்கின்றன. அங்கே புகை குறைந்ததையும், காட்டுத்தீப் புகை எட்டியதையும் சொல்ல முடிவதற்குக் காரணம் அந்த விடாப்பிடிதான். அந்தக் கருவியைத் துடைத்து, வடிகட்டி மாற்றி, பூச்சியத்தைச் சரிபார்த்து, தேதி போட்டு எழுதிவைத்தவர்களுக்கு யாரும் பரிசு கொடுத்ததில்லை. அன்னா மணி தன் வாழ்நாள் முழுக்கப் பேசியதும் இதைத்தான்: தவறான அளவு, அளவே இல்லாததைவிட மோசம் என்ற பிடிவாதத்தோடு ஒவ்வொரு கருவியையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கவைத்தார்.

சுற்றுலா விளம்பரங்கள் மூணாறையும் வாகமண்ணையும் தூய காற்றின் ஊர் என்கின்றன. தூய்மை என்பது அழகுச் சொல் அல்ல, அது ஓர் எண். பனிமூட்டம் வேறு, புகைமூட்டம் வேறு. அவற்றை ஒரே புகைப்படத்தில் வைத்து விற்கலாம், ஒரே கணக்கில் வைக்க முடியாது.

எல்லோரும் நெஃபலோமீட்டர் வாங்க முடியாது. தேவையும் இல்லை. கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கும் சிதறலுக்கும் தலைகீழ் உறவு உண்டு: 3.9 என்ற எண்ணைச் சிதறல் அளவால் வகுத்தால் தூரம் வந்துவிடும். தூசியே இல்லாத காற்றில் அது 300 கிலோமீட்டருக்கும் மேல். துகள்களின் பங்கு நூறானால் 35 கிலோமீட்டர். முந்நூறானால் 12, 13. வானிலை நிலையங்களில் பார்வையாளர்கள் காலங்காலமாகச் செய்துவந்த வேலை இது. ஊரைச் சுற்றித் தெரிந்த தொலைவில் சில அடையாளங்களை வைத்துக்கொண்டு, இன்று எது வரை தெரிகிறது என்று ஏட்டில் குறிப்பது. கல்பாத்தியிலிருந்து வடக்கே தோணி மலை, தெற்கே நெல்லியாம்பதி. போடிமெட்டிலிருந்து எதிரே பழனிமலைத் தொடர். ராமக்கல்மேட்டிலிருந்து மேகமலை. வரைபடத்தில் தூரத்தை அளந்துகொள்ளலாம். எல்லையோரப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தும் ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நான்கு முகடுகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் ஒரு மாணவரை நிறுத்தி, எது தெரிகிறது, எது தெரியவில்லை, மழை பெய்ததா, காற்று எந்தப் பக்கம் என்று எழுதவையுங்கள். ஒரு வகுப்பு படித்து முடித்துப் போனதும் அடுத்த வகுப்பிடம் நோட்டை ஒப்படையுங்கள். விடுமுறையில்தான் விட்டுப்போகும், அதற்குப் பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு இருக்கிற ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.